டிரோம்சோ – லாங்கியர்பியன்: விமான நேரம் வேறு, பயண நேரம் வேறு

வட துருவத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஸ்வால்பார்ட் தீவுகளுக்குப் போக நினைப்பவர்கள் முதலில் தேடுவது தூரமும் நேரமும்தான், நானும் அங்கேதான் ஆரம்பித்தேன். வடக்கு நார்வேயின் டிரோம்சோவிலிருந்து ஸ்வால்பார்டின் முக்கிய ஊரான லாங்கியர்பியனுக்கு வான்வழியில் சுமார் 960 கிலோமீட்டர், சென்னை–மும்பையைவிடக் கொஞ்சம் குறைவு. ஜெட் விமானத்தில் ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். இரண்டு ஊரிலும் ஒரே நேரம், கடிகாரத்தைத் தொட வேண்டியதில்லை. கணக்கு சரிதான், ஆனால் இதை மட்டும் வைத்துத் திட்டம் போடாதீர்கள்.

இந்திய பாஸ்போர்ட் வைத்திருந்தால் முதலில் விசாவைப் பாருங்கள். ஸ்வால்பார்ட் 1920 ஒப்பந்தத்தின்படி நார்வேயின் ஆட்சியில் இருக்கிறது, ஆனால் ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குள் போய்வர விடும் ஷெங்கன் பகுதிக்கு வெளியே. அங்கே தங்க விசாவே வேண்டாம்! ஆனால் நார்வே வழியாகப் போய் நார்வே வழியாகத்தானே திரும்புகிறோம், அதனால் இரண்டு முறை நுழைய அனுமதிக்கும் ஷெங்கன் விசா கட்டாயம். ஒரே முறை நுழைய அனுமதிக்கும் விசாவில் போனால் திரும்பி வரும்போது உள்ளே விட மாட்டார்கள். விண்ணப்பத்தில் நான் இதைத் தனியாகவே எழுதிக் கேட்டேன்.

நான் ஏறியது ஆஸ்லோவிலிருந்து டிரோம்சோ வழியாகப் போகும் விமானம். டிரோம்சோவில் எல்லோரும் கைப்பையோடு இறங்கி, பாஸ்போர்ட் சோதனையில் ஷெங்கனை விட்டு வெளியேறுவதாகப் பதிவு செய்துகொண்டு, மறுபடி அதே விமானத்தில் வந்து உட்கார வேண்டும். வரிசை நீளம்தான், ஆனால் சீராக நகர்ந்தது. பாஸ்போர்ட், போர்டிங் பாஸ், தங்குமிட முன்பதிவு மூன்றையும் கையிலேயே வைத்திருங்கள், பெட்டிக்குள் போட்டுவிட்டால் அது விமானத்தின் வயிற்றில் கிடக்கும்.

அப்புறம் வானிலை. நான் போனது ஜூனில், இரவிலும் சூரியன் மறையாத காலம், அதனால் பார்ப்பதற்குச் சிக்கல் இருக்காது என்றுதான் யாரும் நினைப்பார்கள், ஆனால் கோடையில்தான் கடலிலிருந்து மூடுபனி வந்து ஓடுபாதையை மூடுகிறது. 1975இல் திறந்த அந்த விமான நிலையம் நிரந்தர உறைநிலத்தின் மேல் இருக்கிறது. அங்கே இறங்க முடியாவிட்டால் பக்கத்தில் வேறு பெரிய ஓடுபாதை கிடையாது, கடலைத் தாண்டி நார்வேயின் பெருநிலத்துக்கே திரும்ப வேண்டும். எங்கள் விமானமும் மேலே கொஞ்ச நேரம் வட்டமடித்தது. பனி விலகி, கீழே பழுப்பு மலையும் பனியாறும் தெரிந்தபோது எனக்கு உண்மையிலேயே கண் கலங்கிவிட்டது, 78 டிகிரி வடக்கு அது!

ஸ்வால்பார்டிலேயே இன்னொரு சிற்றூரான நியூ-ஓலசுண்டில் இந்தியாவின் ஹிமாத்ரி ஆய்வு நிலையம் 2008 முதல் இருக்கிறது. ஆனால் அங்கே போகச் சாலை கிடையாது, சிறிய விமானமோ படகோதான்.

திரும்பும்போதும் பாஸ்போர்ட் சோதனை உண்டு, விசாவின் இரண்டாவது நுழைவு செலவாவது அப்போதுதான். அன்றைக்கே அடுத்த விமானத்தைப் பிடிப்பதுபோல டிக்கெட் போடாதீர்கள், டிரோம்சோவிலோ ஆஸ்லோவிலோ ஓர் இரவு தங்கிவிட்டுக் கிளம்புங்கள்.