முன்பு என்ன குளிசை குடித்தீர்கள்?

டொக்டர் எழுதிய மருந்துத் துண்டில் கிளரித்ரோமைசின், அமொக்சிசிலின் என்ற இரண்டு அன்டிபயோட்டிக்கும் வயிற்று அமிலத்தை அடக்கும் ஒமெப்ரசோலும் சேர்த்து 14 நாளுக்கு எழுதியிருந்தால் வருத்தம் என்னவென்று கேட்கத் தேவையில்லை, அது எச். பைலோரிக்கான மருந்து. வயிற்றுப் புண்ணுக்கும் வருடக்கணக்காக இழுபடும் கேஸ்ட்ரிக்குக்கும் பின்னால் பல நேரம் இருக்கிற கிருமி அதுதான். திருகோணமலை நகரத்தில் ஒரு பார்மசியில் மருந்தாளராக இருக்கிறேன். இந்தத் துண்டு கைக்கு வந்தால் மருந்தை எடுக்கப் போகுமுன் ஒன்று கேட்பேன்: கடைசிச் சில வருடங்களில் என்னென்ன அன்டிபயோட்டிக் குடித்திருக்கிறீர்கள்?

"அப்பிடி ஒண்டும் குடிக்கல்லையே தங்கச்சி" என்பதுதான் அநேகமாக வரும் பதில். அவர்கள் பொய் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் கொடுத்தது சின்னக் காகித உறையில் வந்திருக்கும், கடையில் வாங்கியது கார்டிலிருந்து வெட்டிய நாலு குளிசையாக இருந்திருக்கும், பெயர் யாருக்குத் தெரியும். அதனால் பெயரை விட்டுவிட்டு வேறு மாதிரி விசாரிக்கப் பழகிக்கொண்டேன். இருமலுக்கு ஒரு நாளைக்கு ஒன்று வீதம் மூன்று நாளில் முடிகிற குளிசை தந்தார்களா என்று கேட்டால், ஓம் என்பார்கள், அது பெரும்பாலும் அசித்ரோமைசின். வயிற்றால் போனபோது குடித்த குளிசை வாயெல்லாம் இரும்புக் கசப்பு வைத்ததா என்றால் உடனே முகம் சுளிப்பார்கள், அது மெட்ரோனிடசோல், ஊரில் எல்லோரும் பிளஜில் என்று கேட்டு வாங்குவது. சலக்கடுப்புக்கு என்ன குடித்தீர்கள் என்றால் பல நேரம் சிப்ரோபிளொக்சசினில் போய் நிற்கும். கொஞ்ச நேரம் பொறுமையாகக் கதைத்தால் "ஒண்டும் குடிக்கல்ல" என்ற ஆளிடமிருந்தே நாலைந்து மருந்து வெளியே வரும்.

இந்த விசாரணைக்கு ஏன் இவ்வளவு மினக்கெடுகிறேன் என்றால், எச். பைலோரி அநேகமாகச் சின்ன வயதில் தொற்றுகிறது, அதற்கென்று மருந்து கொடுக்காவிட்டால் பொதுவாக ஆயுள் முழுக்கக் கூடவே இருக்கிறது. நாற்பது வயதில் ஒருவருக்குக் கமரா விட்டுப் பார்த்துக் கண்டுபிடிக்கிறார்கள் என்றால், அதற்கு முந்திய முப்பது வருடமும் அவர் இருமலுக்கும் பல்லுவலிக்கும் வயிற்றோட்டத்துக்கும் குடித்த ஒவ்வொரு அன்டிபயோட்டிக்கும் அந்தக் கிருமியின் மேலும் பட்டிருக்கிறது. ஒற்றை மருந்தால் அதை அடியோடு அழிக்க முடியாது. மருந்துக்கு மசிகிறவை சாகும், தற்செயலாக மரபணுவில் ஒரு மாற்றம் வந்து தப்பியவை மிஞ்சிப் பெருகும். இருமல் மாறிவிடும், வயிற்றுக்குள் என்ன நடந்ததென்று அந்த ஆளுக்கும் தெரியாது, துண்டு எழுதியவருக்கும் தெரியாது.

இதில் கிளரித்ரோமைசின் விஷயம் கொடுமையானது. கிருமி தன் புரதத்தைச் செய்கிற இடமான ரைபோசோமில் ஒரே ஒரு மரபணு எழுத்து மாறினாலே போதும், மருந்து போய் ஒட்ட வேண்டிய இடம் கெட்டுவிடும், டோஸைக் கூட்டியும் பலனில்லை. அசித்ரோமைசினும் அதே குடும்பம் என்பதால் ஒன்றுக்குத் தப்பியது மற்றதற்கும் தப்பும். மெட்ரோனிடசோல் வேறு மாதிரி. அது கிருமியின் உள்ளே போய், கிருமியின் சொந்த என்சைமாலேயே நஞ்சாக மாறித்தான் கொல்கிறது, அந்த என்சைமைத் தொலைத்துவிட்ட கிருமி பிழைத்துக்கொள்கிறது. ஆனாலும் டோஸைக் கூட்டி, 14 நாள், பிஸ்மத் என்ற வயிற்று மருந்தோடு சேர்த்துக் கொடுத்தால் மெட்ரோனிடசோல் எதிர்ப்பை ஓரளவு சமாளிக்கலாம். அமொக்சிசிலினுக்கும் டெட்ராசைக்கிளினுக்கும் இந்தக் கிருமி தப்புவது இன்னும் அபூர்வம்தான், நமக்கு மிஞ்சியிருக்கிற பெரிய பலம் அது.

கிண்ணியாவிலிருந்து வந்த ஒரு நானா, 14 நாளும் ஒரு நேரம் தவறாமல் குடித்து முடித்த பிறகும் சோதனையில் கிருமி இருப்பதாக வந்து, கோபத்தோடு நின்றார். "மகள், நீங்க தந்த மருந்து டூப்ளிகேட்டோ?" என்று நேரடியாகவே கேட்டார், அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது, காசும் போய் நாளும் போய் வாயும் கசந்து போன மனிதர். உட்காரச் சொல்லிக் கதைத்தபோதுதான் மாரிக்கு மாரி நெஞ்சுச் சளி வருவதும், ஒவ்வொரு தடவையும் அந்த மூன்று நாள் குளிசையைத் துண்டில்லாமல் ஒரு கடையில் வாங்கிக் குடிப்பதும் தெரிந்தது. கையில் இருந்த புதுத் துண்டிலும் கிளரித்ரோமைசின்தான். டொக்டருக்குப் போன் எடுத்து இந்த விபரத்தைச் சொன்னேன், அவர் உடனே நாலு மருந்து முறைக்கு மாற்றினார்: ஒமெப்ரசோல், பிஸ்மத், டெட்ராசைக்கிளின், மெட்ரோனிடசோல். ஒருமுறை தோற்ற கிளரித்ரோமைசினை அதே ஆளுக்குத் திரும்பக் கொடுக்கக்கூடாது என்பது உலகமெங்கும் ஒத்துக்கொண்ட விதி. ஆனால் கிளினிக்கில் வரிசை வாசல் வரை நிற்கும்போது பழைய மருந்தை விசாரிக்க யாருக்கு நேரம்? கிருமியை வளர்த்து எந்த மருந்துக்கு மசியும் என்று பார்க்கும் சோதனை உண்டு, ஆனால் இது ஒட்சிசன் குறைந்த காற்றில் மட்டுமே வளர்கிற, பல நாள் எடுக்கிற கிருமி, எல்லா ஆய்வுகூடத்திலும் நடக்கிற காரியமில்லை. அதனால்தான் வாயால் கேட்கிற கேள்வியை நான் விடுவதில்லை.

நாலு மருந்து முறை லேசானதும் இல்லை. 250 மில்லிகிராம் டெட்ராசைக்கிளின் என்றால் நேரத்துக்கு இரண்டு வீதம் நாலு நேரம், மற்றதையும் சேர்த்தால் ஒரு நாளைக்குப் பதினேழு வரை போகும். நாக்கும் மலமும் கறுக்கும், அது பிஸ்மத்தின் வேலை, பயப்பட வேண்டாம் என்று முதலிலேயே சொல்லாவிட்டால் மூன்றாம் நாளே இரத்தம் போகுது என்று பயந்து நிறுத்திவிடுவார்கள். டெட்ராசைக்கிளினைப் பாலோடும் இரும்புச்சத்துக் குளிசையோடும் எடுக்கக்கூடாது, மெட்ரோனிடசோல் குடிக்கும்போது சாராயம் தொடக்கூடாது. இரவில் கடலுக்குப் போகிறவர்களிடம் காலை, பகல், மாலை, இரவு என்று சொல்லிப் பிரயோசனமில்லை. படகில் சாப்பிடுவது எத்தனை மணிக்கு, கரைக்கு வந்து தூங்கி எழும்புவது எப்போது என்று கேட்டு, அவர்களுடைய நேரத்துக்கு நாலாகப் பிரித்து உறையில் எழுதிக் கொடுக்க வேண்டும். ஒமெப்ரசோலைச் சாப்பாட்டுக்கு அரை மணி முன் என்று நான் அழுத்திச் சொல்வதைச் சிலர் சம்பிரதாயம் என்று நினைக்கிறார்கள். அமிலம் அடங்கினால்தான் கிருமி பெருகத் தொடங்கும், பெருகும் நேரத்தில்தான், முதலில் சொன்ன மூன்று மருந்து முறையில் இருக்கிற அமொக்சிசிலின் அதைக் கொல்லும். இந்த ஒமெப்ரசோலைத் தவறவிட்டால் மற்றவை பாதிப் பலத்தோடுதான் வேலை செய்யும்.

இவ்வளவும் ஒரு பக்கம் நடக்க, மறுபக்கம் கவுண்டரில் நாள் முழுக்க வருகிற குரல்: "வயித்தால போகுது, ரெண்டு பிளஜில் தாங்க." துண்டில்லாமல் அன்டிபயோட்டிக் விற்பது இந்த நாட்டில் சட்டப்படி பிழை. நான் உப்புநீர் கரைக்கும் ஜீவனிப் பக்கெட்டும் அறிவுரையும் கொடுத்து அனுப்பினால் கோபித்துக்கொண்டு போய் வேறு கடையில் வாங்குகிறார்கள், எனக்கு அது உண்மையிலேயே வலிக்கிறது, ஏனென்றால் சாதாரண வயிற்றோட்டம் பெரும்பாலும் உப்புநீர்க் கரைசலோடு தானாக மாறிவிடும், அந்த இரண்டு குளிசைக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை.

1982இல் அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரத்தில் ராபின் வொரன், பரி மார்ஷல் என்ற இரண்டு டொக்டர்மார் இந்தக் கிருமியைக் கண்டுபிடிக்கும்வரை, வயிற்றுப் புண்ணுக்கு உறைப்பும் கவலையும் அமிலமும்தான் காரணம் என்று உலகமே நம்பியது. 2005இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. 1994இலேயே உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் இதை இரைப்பைப் புற்றுநோய்க்கான காரணிகளில் முதல் வகுப்பில், அதாவது உறுதியானவை என்ற வகுப்பில், போட்டுவிட்டது. 2017இல் கிளரித்ரோமைசினுக்கு மசியாத எச். பைலோரி, புது மருந்து அவசரமாகத் தேவைப்படும் கிருமிகள் என்று உலக சுகாதார நிறுவனம் போட்ட பட்டியலில் இடம்பிடித்தது. குணப்படுத்தக்கூடிய ஒன்றைக் கண்டுபிடித்துக் கொடுத்திருக்கிறார்கள், அதை நாம் இருமல் குளிசையில் கைநழுவ விடுகிறோம்.

மருந்து முடிந்ததும் வயிறு சுகம் என்று சோதனைக்குப் போகாமல் விடுகிறவர்கள் நிறைய. மூச்சுச் சோதனையோ மலச் சோதனையோ, மருந்து முடிந்து குறைந்தது நாலு வாரம் கழித்துச் செய்ய வேண்டும், அதற்கு முந்திய இரண்டு வாரம் ஒமெப்ரசோலும் குடிக்கக்கூடாது, குடித்தால் கிருமி இருந்தும் இல்லையென்று வரலாம். அந்த இரண்டு வாரத்தில் நெஞ்செரிவோடு வந்து "ஒண்டே ஒண்டு தாங்க" என்று கேட்கிறவர்களிடம் சோதனைத் திகதியைக் கேட்டுவிட்டு, புளிப்பை அடக்கும் சாதாரண மருந்தைக் கொடுத்து அனுப்புகிறேன்.

இப்போது எல்லோருடைய கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கத்திலும் அன்டிபயோட்டிக்கின் பெயர், எதற்கு, எத்தனை நாள், முடித்தாரா இல்லையா என்று எழுதிக் கொடுக்கிறேன். சில டொக்டர்மார் அதைப் பார்த்து அதன் கீழேயே தங்கள் குறிப்பையும் எழுதத் தொடங்கியிருக்கிறார்கள். கிண்ணியா நானாவின் கொப்பியில் கிளரித்ரோமைசினும் அசித்ரோமைசினும் சிவப்பு மையில் இருக்கின்றன. அடுத்த மாரிக்குச் சளி வந்து வேறு எந்த டொக்டரிடம் போனாலும் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டச் சொல்லியிருக்கிறேன்.