குறைமாதக் குழந்தை: டாக்டருக்கு வாட்ஸ்அப் அனுப்பும்போது

"பாப்பா மூச்சு வேகமா விடுது டாக்டர்" என்ற ஒற்றை வரியை வைத்து எந்த டாக்டராலும் எதுவும் சொல்ல முடியாது. வீடியோ எடுங்கள். சட்டையைக் கழற்றி, நெஞ்சும் வயிறும் தெரிய, முழுதாக 60 விநாடி. 15 விநாடி எண்ணி நாலால் பெருக்கினால் கணக்கு தப்பும். குறைமாதக் குழந்தைகள் வேகமாக இழுத்துவிட்டு, சில விநாடி நிறுத்தி, மறுபடி இழுப்பார்கள். தூக்கத்தில் நிமிடத்துக்கு 60ஐத் தாண்டினால் சொல்ல வேண்டிய விஷயம்.

கூடவே பாப்பா எத்தனையாவது கர்ப்ப வாரத்தில் பிறந்தது, இன்றைய எடை, அக்குள் வெப்பநிலை (36.5 முதல் 37.5 டிகிரி செல்சியஸ் சரியான அளவு), கடைசியாகப் பால் குடித்த நேரம், அளவு ஆகியவற்றையும் எழுதுங்கள்.

மஞ்சள் காமாலையைப் போட்டோவில் பார்த்து முடிவு சொல்லச் சொல்லாதீர்கள். டியூப்லைட்டும் போன் கேமராவும் தோல் நிறத்தை மாற்றிவிடும்; ரத்தப் பரிசோதனைதான் வழி. கண் விழித்திரைப் பரிசோதனையும் அப்படியே, நேரில்தான்.

மூச்சு 20 விநாடி நின்றாலோ, உதடு நீலமானாலோ வாட்ஸ்அப்பைத் திறக்கவே வேண்டாம். 108. நீல டிக் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கும் நேரமல்ல அது.