ஆள் தெரியாத ஊரில் ஒரு போலீஸ்காரன்

லண்டனில் கான்ஸ்டபிளாக இருந்த ஒன்பது வருஷத்தில் எத்தனை பேரை நிறுத்தி, "நீங்கள் யார், அதற்கு என்ன ஆதாரம்?" என்று கேட்டிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. 2023 மே மாதம் பெர்த்தில் வந்து இறங்கிய பிறகு அதே கேள்வியை எல்லோரும் என்னிடம் கேட்டார்கள். வெறுமனே கேட்டிருந்தால் பரவாயில்லை. ஒவ்வொரு தடவையும் பதில் சொல்ல எனக்குக் காசு செலவானது.

மேற்கு ஆஸ்திரேலியப் போலீஸ் படைக்கு வெளிநாட்டிலிருந்து, குறிப்பாக பிரிட்டனிலிருந்தும் அயர்லாந்திலிருந்தும், அனுபவமுள்ள ஆட்களை எடுத்துக்கொண்டிருந்த சமயம் அது. ஏறத்தாழ 25 லட்சம் சதுர கிலோமீட்டர் மாநிலம், அதற்கு ஒரே படை. வெயில், கடற்கரை, லண்டனை விட நல்ல சம்பளம். வேறென்ன வேண்டும்? எக்செல்லில் ஒரு பட்டியல் போட்டேன். விசா, விமான டிக்கெட், கன்டெய்னர், முதல் மாதத் தங்கும் செலவு, எதற்கும் இருக்கட்டும் என்று மேலே ஒரு பத்து சதவீதம். மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, "என்னங்க, இதுல ஃபிரிட்ஜ் எங்க இருக்கு?" என்றாள். வீட்டில் ஃபிரிட்ஜ் இருக்காதா என்ன என்று சிரித்தேன்.

செலவு கிளம்புவதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டது. விசாவுக்குக் குற்றப் பின்னணி இல்லை என்ற சான்றிதழ் வேண்டும். பிரிட்டனில் அதை ஏக்ரோ என்ற அலுவலகம் தருகிறது. தினமும் பிறருடைய குற்றப் பதிவுகளைத் திரையில் பார்த்துக்கொண்டிருந்த நான், என் மேல் வழக்கு எதுவும் இல்லை என்று எழுதிவாங்கக் கட்டணம் கட்டினேன். ஸ்டேஷனில் ஒரு வாரம் இதை வைத்தே என்னை ஓட்டினார்கள். கடைசிப் பத்து வருஷத்தில் மொத்தம் 12 மாதமாவது வாழ்ந்த எல்லா நாட்டிலிருந்தும் இந்தச் சான்றிதழ் வேண்டும் என்பது விதி. மனைவி லண்டனுக்கு வந்து எட்டு வருஷம்தான் ஆகியிருந்தது. அதனால் அவளுக்கு இரண்டு நாட்டுச் சான்றிதழ், இரண்டு கட்டணம், இரண்டு கூரியர்.

அவளிடம் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் இல்லை என்பது அடுத்த இடத்தில் உதைத்தது. நிரந்தர விசாவில் கூட வரும் கணவனோ மனைவியோ ஓரளவாவது ஆங்கிலம் தெரியும் என்று நிரூபிக்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டாம் தவணை என்று ஒரு கட்டணம், அது பல ஆயிரம் டாலர். எட்டு வருஷம் லண்டன் பள்ளிக்கூடத்தில் உதவி ஆசிரியையாக வேலை பார்த்தவளுக்கு ஆங்கிலம் தெரியுமா என்று கேட்டால் அவளுக்கு வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது. நல்லவேளை, ஆங்கில வழியில் பட்டம் படித்ததாகக் கல்லூரியிலிருந்து ஒரு கடிதம் வந்து சேர்ந்தது. அதை வாங்க அலைந்த அலைச்சலுக்கு ஒரு மாதம் போனது. மருத்துவப் பரிசோதனையும் உங்கள் டாக்டரிடம் செய்துகொள்ள முடியாது, அவர்கள் பட்டியலில் உள்ள டாக்டரிடம்தான் போக வேண்டும், தலைக்கு இவ்வளவு என்று கட்ட வேண்டும். கடைசியில் விசாக் கட்டணத்தைக் கார்டில் கட்டினால், கார்டில் கட்டியதற்கும் ஒரு கூடுதல் கட்டணம்.

சரி, வந்து சேர்ந்தோம். இனி வீடு.

அந்த வருஷம் பெர்த்தில் வாடகை வீட்டுக்கு அப்படி ஒரு தட்டுப்பாடு. நூறு வாடகை வீட்டுக்கு ஒன்றுகூடக் காலியாக இல்லை என்றார்கள். சனிக்கிழமை காலை வீடு பார்க்கப் போனால் கோயில் வரிசை மாதிரி வாசலில் கூட்டம். பதினைந்து நிமிஷம் கதவைத் திறந்து வைப்பார்கள், எல்லோரும் உள்ளே போய் அலமாரியைத் திறந்து மூடிவிட்டு வர வேண்டியதுதான். விண்ணப்பத்தில் நூறு புள்ளி அடையாளம் கேட்டார்கள். பாஸ்போர்ட்டுக்கு 70 புள்ளி. மீதி முப்பதுக்கு உள்ளூர் லைசென்ஸ், வங்கி அட்டை, கரண்ட் பில் என்று ஏதாவது வேண்டும். வீடு இல்லாமல் கரண்ட் பில் எப்படி வரும்? வாரண்ட் கார்டு என்ற என் லண்டன் போலீஸ் அடையாள அட்டையை வேலையின் கடைசி நாளில் கையெழுத்துப் போட்டு ஒப்படைத்துவிட்டு வந்திருந்தேன். பையில் கைவிட்டால் அந்தத் தோல் உறை இருந்த இடம் காலியாக இருந்தது. அதன் பிறகு இங்கே வாடகை ஒழுங்காகக் கட்டிய வரலாறு கேட்டார்கள். லண்டனில் நாங்கள் இருந்தது சொந்த வீடு, மாதாமாதம் கடன் தவணை கட்டியதுதான் வரலாறு. "அது எங்களுக்குப் பயன்படாதே" என்றாள் ஏஜென்ட், பரிதாபமாகத்தான் சொன்னாள்.

பதினோரு விண்ணப்பம் போட்டோம். ஒரு மாதத்துக்கு என்று எடுத்த சர்வீஸ் அபார்ட்மென்ட் ஒன்பது வாரத்துக்கு நீண்டது. எங்கள் பணம் முதலில் கசிந்த ஓட்டை அதுதான். அந்தப் பத்து சதவீதம் அங்கேயே தீர்ந்துவிட்டது.

பன்னிரண்டாவது வீடு கிடைத்தது, வாரம் 600 டாலர். பாண்ட் என்ற வைப்புத்தொகையாக நாலு வார வாடகை, இரண்டு வார வாடகை முன்பணம், ஆக சாவியைக் கையில் வாங்கும்போது 3,600 டாலர். சட்டப்படி அதற்கு மேல் கேட்க முடியாது, அது ஒரு ஆறுதல். ஆனால் நான் சறுக்கியது அங்கே இல்லை. வாரம் 600 என்றதும் மாதம் 2,400 என்று பட்டியலில் போட்டுவிட்டேன். வருஷத்துக்கு 52 வாரம். பன்னிரண்டு மாதத்தை நந்நாலு வாரமாக எண்ணினால் 48 வாரம்தான் வருகிறது. மீதி நாலு வாரம், அதாவது இன்னொரு 2,400 டாலர், என் பட்டியலில் எங்குமே இல்லை. லண்டனில் எல்லாம் மாதக் கணக்கு, இங்கே வாடகை வாரக் கணக்கு, சம்பளம் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை. அந்தச் சம்பளத்திலும் இதே வித்தை நமக்குச் சாதகமாக வேலை செய்யும், வருஷத்தில் இரண்டு மாதம் மூன்று சம்பளம் வரும். அது தெரிய வருவதற்குள் பாதி வருஷம் போய்விடுகிறது, அது வேறு விஷயம்.

சாவி வாங்கி உள்ளே போனால் சமையலறையில் ஃபிரிட்ஜ் அளவுக்கு ஒரு பொந்து. பொந்து மட்டும். சலவை மெஷின் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு குழாயும் ஒரு சாக்கடைத் துளையும். லண்டனில் நாங்கள் பார்த்த வாடகை வீடுகளில் இவையெல்லாம் பெரும்பாலும் வீட்டோடு இருக்கும். மனைவி ஒன்றும் சொல்லவில்லை. போனை எடுத்து அந்தப் பொந்தை ஒரு படம் எடுத்துக்கொண்டாள்.

அப்போது ஜூலை மாதம், இங்கே குளிர்காலம். ஆஸ்திரேலியா என்றாலே வெயில் என்று நம்பி, கனமான போர்வைகளையெல்லாம் லண்டனில் தானம் கொடுத்துவிட்டு வந்திருந்தோம். பெர்த் குளிர்காலத்தில் பனி கொட்டாது, உண்மைதான். ஆனால் எங்களுக்கு வாய்த்தது ஓட்டுக்கூரைக்கும் ஜன்னலுக்கும் இடையில் காற்று தாராளமாகப் போய்வரும் வீடு. லண்டனில் சுவரோடு ரேடியேட்டர் இருக்கும், பட்டனைத் திருகினால் வீடு முழுக்கச் சூடு. இங்கே அப்படி ஒன்றும் இல்லை. காலை ஆறு மணிக்கு வெளியே எட்டு டிகிரி என்றால் ஹாலிலும் கிட்டத்தட்ட அதேதான். லண்டனில் ஒரு நாளும் இப்படி நடுங்கியதில்லை. மூன்று ஹீட்டர், நாலு போர்வை, அப்புறம் அந்தக் கரண்ட் பில். நூறு புள்ளிக்கு அலைந்தபோது கிடைக்காத கரண்ட் பில் இப்போது வந்து சேர்ந்தது, கொஞ்சம் பெரிதாகவே.

போலீஸ் அகாடமி ஜூண்டலப்பில் இருக்கிறது, நகரத்துக்கு வடக்கே. ரயில் உண்டு, பயிற்சிக் காலத்தில் ரயிலிலேயே போனேன். போலீஸ் ஸ்டேஷனில் வேலைக்குப் போட்டபின் அதிகாலை ஷிஃப்டுக்கு ரயிலை நம்ப முடியாது. மனைவியும் வேலை தேட வேண்டும், மகளைப் பள்ளியில் விட வேண்டும். ஆக இரண்டு கார். பழைய கார் விலையைப் பேசி முடித்தால் பேரம் முடிந்தது என்று நினைத்திருந்தேன். பெயர் மாற்றும்போது மாநில அரசுக்கு ஒரு வரி: 25,000 டாலருக்கு உட்பட்ட காருக்கு 2.75 சதவீதம். 12,000 டாலர் காருக்கு 330 டாலர் ஆயிற்று. அதற்கு மேல் விலை போகப்போக விகிதமும் ஏறி 6.5 சதவீதம் வரை போகும். அந்த 330-ஐ விட வலித்தது காப்பீடு. ஒன்பது வருஷம் நீல விளக்குப் போட்டு லண்டன் நெரிசலில் வண்டி ஓட்டியவன் நான். காப்பீட்டுக்காரர்களுக்கு நான் இந்த ஊரில் நேற்று லைசென்ஸ் எடுத்தவன். விபத்து எதுவும் இல்லை என்று பழைய காப்பீட்டு நிறுவனத்திடம் ஒரு கடிதம் வாங்கி வந்திருந்தால் கொஞ்சம் குறைத்திருப்பார்களாம். இதை எனக்குச் சொன்னவர், எனக்கு ஆறு மாதம் முன்னால் வந்து இதே தப்பைச் செய்தவர்.

இப்போது ஆம்புலன்ஸ் கதை. இது எனக்கு வீட்டில் நடக்கவில்லை, வேலையில் நடந்தது.

இரவுப் பணி, பயிற்சி முடிந்து ஸ்டேஷனில் என்னுடைய இரண்டாவது வாரம். சைக்கிளிலிருந்து விழுந்த ஒரு இளைஞன், புருவத்துக்கு மேல் கிழிந்து சட்டை முழுக்க ரத்தம். பழக்கதோஷத்தில் ரேடியோவை எடுத்தேன். அவன் என் கையைப் பிடித்தான். "ப்ளீஸ், ஆம்புலன்ஸ் வேண்டாம்." போதையில் பேசுகிறான் என்று நினைத்தேன். என்னோடு இருந்த உள்ளூர்க்காரர் மெதுவாகச் சொன்னார்: ஆம்புலன்ஸுக்கு இங்கே பில் வரும், ஆயிரம் டாலருக்கு மேல், யார் கூப்பிட்டாலும் ஏறிப் போனவனுக்குத்தான். மெடிகேர் என்ற அரசு மருத்துவத் திட்டத்தில் ஆஸ்பத்திரி வரும், ஆம்புலன்ஸ் வராது. லண்டனில் எத்தனை ராத்திரி, எத்தனை பேருக்கு ஒரு நொடிகூட யோசிக்காமல் ஆம்புலன்ஸ் கூப்பிட்டிருக்கிறேன்! அங்கே யாரும் என் கையைப் பிடித்ததில்லை. தலையில் அடி என்பதால் அன்று கூப்பிட்டுத்தான் தீர வேண்டியிருந்தது. ஏற்றும்போது அவன் என்னைப் பார்த்த பார்வை, நான் அபராதச் சீட்டு எழுதியவர்கள் பார்க்கும் பார்வை.

விடிந்து வீட்டுக்குப் போனதும் தூங்காமல் உட்கார்ந்து நாலு பேருக்கும் ஆம்புலன்ஸ் காப்பீடு எடுத்தேன். அது ஒன்றும் பெரிய தொகை இல்லை. ஆனால் வந்து நாலு மாதம் அது இல்லாமலேயே இருந்திருக்கிறோம், மூன்று வயசுப் பையனை வைத்துக்கொண்டு.

சம்பள விஷயத்தில் யாரும் என்னை ஏமாற்றவில்லை, சொன்ன சம்பளம் சொன்ன நாளில் வந்தது. நான் மறந்தது மனைவியின் சம்பளத்தை. பள்ளியில் வேலை செய்யக் குழந்தைகளோடு பணிபுரிவதற்கான அனுமதி, அதற்கு விண்ணப்பம், காத்திருப்பு, அப்புறம் பள்ளிகளில் சொல்லி வைப்பது, ஒரு டெர்ம் முடிந்து அடுத்த டெர்மில் கூப்பிடுவது. ஏழு மாதம் ஒற்றைச் சம்பளம். ஃபிரிட்ஜ், ஹீட்டர், கார் வரி எல்லாவற்றையும் கூட்டினாலும் இந்த ஏழு மாதத்துக்குக் கிட்டே வராது. இனி வருகிறவர்கள் என்னிடம் யோசனை கேட்டால் நான் முதலில் கேட்பது உங்கள் சம்பளத்தை அல்ல, கூட வருகிறவருடையதை.

ஓய்வூதியத்தையும் சொல்லிவிடுகிறேன். பிரிட்டன் போலீஸ் ஓய்வூதியத்தை எடுத்துக்கொண்டு வர வழியில்லை, 2015-இலேயே அடைத்துவிட்டார்கள். அது அங்கேயே கிடக்கும், வயசானபின் வரும். பிரிட்டன் அரசின் பொது ஓய்வூதியமும் ஆஸ்திரேலியாவுக்கு வந்து சேரும், ஆனால் முதல் நாள் எவ்வளவோ அவ்வளவோடு உறைந்து நிற்கும், அங்கே இருப்பவர்களுக்கு மாதிரி வருஷா வருஷம் ஏறாது. வேலையை விட்ட அன்றே லண்டன் போலீஸ் சங்கத்தின் குழு ஆயுள் காப்பீடும் நின்றுபோனது. நாற்பதை நெருங்கும் வயசில் புதிதாக எடுத்தால் அதே பாதுகாப்புக்கு வேறு விலை.

என்னோடு பயிற்சியில் இருந்த ஒருவர் நாயைக் கூட்டி வந்தார். பிரிட்டனிலிருந்து வரும் நாய் எதுவானாலும் முதலில் மெல்போர்னில் இறங்கி, மிக்கில்ஹாமில் இருக்கும் அரசுத் தனிமை மையத்தில் குறைந்தது பத்து நாள் தங்க வேண்டும். அப்புறம்தான் கண்டத்தைக் குறுக்கே கடந்து பெர்த்துக்கு இன்னொரு விமானம். நாயின் செலவில் தன் குடும்பமே பிசினஸ் கிளாஸில் வந்திருக்கலாம் என்பார். நாயைத் தடவிக்கொண்டேதான் சொல்வார்.

எங்கள் கன்டெய்னர் வந்தபோது பதினாலாவது வாரம். அதற்குள் கட்டில், மெத்தை, பாத்திரம், மேஜை எல்லாம் இங்கே ஒரு முறை வாங்கியாகிவிட்டது. ஆக, ஏற்கெனவே இருந்ததை இங்கே கொண்டுவரவும் காசு, அதையே இங்கே வாங்கவும் காசு. சாமான் வருவதற்கு இரண்டு நாள் முன்னால் கப்பல் ஏஜென்ட் ஒரு பில் அனுப்பினார். துறைமுகச் சோதனையில் ஒரு பெட்டியில் மண் கண்டுபிடித்தார்களாம். இந்த நாட்டுக்குள் அந்நிய மண், விதை, பூச்சி எதுவும் வரக்கூடாது என்பதில் அவ்வளவு கண்டிப்பு. சுத்தம் செய்த கூலியும் மறு சோதனைக் கட்டணமும் நாங்கள் கட்ட வேண்டும்.

தோட்டத்துச் சாமான்களையெல்லாம் நான்தான் தேய்த்துத் தேய்த்துக் கழுவி அடைத்தேன். எதில் மண் இருந்திருக்கும் என்று இரண்டு நாள் மண்டையைக் குடைந்தோம். பெட்டிகள் வந்ததும், சோதனைக்காரர்கள் பச்சை நாடா ஒட்டியிருந்த பெட்டியை மனைவி முதலில் பிரித்தாள். உள்ளே என் பழைய டியூட்டி பூட்ஸ். கடைசி ஷிஃப்ட் முடிந்து வந்த கோலத்திலேயே செய்தித்தாளில் சுற்றிப் போட்டிருக்கிறேன். இங்கே வேலைக்குப் புதிது வாங்கிப் போட்டுப் பழகி மாதமாகியிருந்தது.

அவள் அதை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தாள். அடிப்பாகம் பளபளவென்று இருந்தது. "இத்தனை வருஷத்துல இது இவ்வளவு சுத்தமா இருந்து நான் பார்த்ததே இல்லீங்க" என்றாள். அந்த பூட்ஸைக் கராஜ் அலமாரியில், பில்லையும் உள்ளே செருகி வைத்திருக்கிறாள்.