ஏர்கான் பிராக்டிகல் ரெண்டாவது தடவைல பாஸ் ஆனேன், எங்க கோட்டை விட்டேன்னு எழுதுறேன்

சிங்கப்பூர்ல காக்கி புக்கிட் பக்கம் ஒரு கார் வொர்க்‌ஷாப்ல ஏழு வருஷமா வேலை பாக்குறேன், பகல்ல வேலை, ராத்திரி கிளாஸ், போன மாசம்தான் காடி (கார்) ஏர்கான் பிராக்டிகல் டெஸ்ட் பாஸ் ஆச்சு. நம்மாளுங்க நிறைய பேர் கையில தொழில் வச்சுக்கிட்டு டெஸ்ட்ல தடுமாறுறாங்க, அவங்களுக்கு உதவட்டும்னுதான் இது.

மொதல் தடவை எப்படிப் போச்சுன்னு சொல்றேன். இஞ்சின் ஆஃப்ல ஒரு காடி, பிரஷர் பாக்கற கேஜ் மாட்டச் சொன்னாங்க, மாட்டினேன், நீலம் சிவப்பு ரெண்டு முள்ளும் 95 பிஎஸ்ஐ கிட்ட நின்னுச்சு. கேஸ் எவ்வளவு இருக்குன்னு டெஸ்ட் எடுக்கற அசெஸ்ஸர் கேட்டார், ஃபுல்லுன்னு சொல்லிட்டேன். அவர் ஒண்ணும் பேசல, கேஸை வெளிய இழுத்து எடை போடற ரெக்கவரி மிஷின்ல இழுக்கச் சொன்னார். இழுத்து முடிச்சதும் தராசுல காட்டினது 210 கிராம், பானட்டுக்கு அடியில ஸ்டிக்கர்ல போட்டிருக்கறது 500. அந்த நம்பரைப் பார்த்ததும் எனக்கு வயித்தைக் கலக்கிடுச்சு, ஏன்னா இத்தனை வருஷமா கடைல நான் அப்படித்தான் பார்த்துக்கிட்டு இருந்தேன்.

ஊர்ல சமையல் கேஸ் சிலிண்டரை நெனச்சுக்கோங்க, பாதி தீர்ந்தாலும் அடுப்பு அதே மாதிரிதான் எரியும், எவ்வளவு இருக்குன்னு தூக்கிப் பார்த்தாதான் தெரியும். காடி ஏர்கான்ல போடற ஆர்134ஏ கேஸும் அப்படித்தான், உள்ள கொஞ்சமாவது தண்ணி மாதிரி திரவமா இருக்கற வரைக்கும் பிரஷர் சூட்டைப் பொறுத்தது, அளவைப் பொறுத்தது இல்ல, 30 டிகிரில கிட்டத்தட்ட 97 பிஎஸ்ஐ காட்டும். அதனால நின்ன காடில கேஸ் எவ்வளவுன்னு கேட்டா, கேஜை வச்சு சொல்ல முடியாது, இழுத்து எடை போடணும்னு தைரியமா சொல்லுங்க.

இஞ்சின் ஓடறப்போ கேஜ் படிக்கறது வேற விஷயம். நம்ம ஊர் சூட்டுல நல்லா இருக்கற காடில லோ பக்கம் (நீல முள்) 30லேர்ந்து 45, ஹை பக்கம் (சிவப்பு முள்) 200லேர்ந்து 250 பிஎஸ்ஐ சுமாரா இருக்கும். ரெண்டுமே கம்மின்னா கேஸ் பத்தல. ரெண்டுமே ஜாஸ்தின்னா ஃபேன் சுத்துதா, முன்னாடி சூட்டை வெளிய விடற கண்டென்சர்ல அழுக்கு அடைச்சிருக்கா, யாராவது டாப்-அப்னு கேஸை அளவில்லாம ஏத்தியிருக்காங்களான்னு பாருங்க. லோ ஏறி ஹை இறங்கி ரெண்டும் கிட்ட கிட்ட வந்தா கேஸை அழுத்தித் தள்ற கம்ப்ரசர் பம்ப் பண்ணல, ஆனா அதோட நிறுத்தாதீங்க, கிளச் (புல்லியை கம்ப்ரசரோட சேத்துப் பிரிக்கறது) இல்லாத, தேவைக்கு ஏத்த மாதிரி பம்ப் அளவை மாத்திக்கற வேரியபிள் கம்ப்ரசர்ல பின்னாடி இருக்கற கண்ட்ரோல் வால்வு போனாலும் இதே ரீடிங்தான் வரும். வால்வை செக் பண்ணாம கம்ப்ரசர் போச்சுன்னு சொல்லி கஸ்டமர்கிட்ட பெரிய காசு வாங்கறது எனக்கு சுத்தமாப் பிடிக்காது. இந்த டைப்ல புல்லி எப்பவும் சுத்திக்கிட்டேதான் இருக்கும், டக்குனு கிளச் சத்தம் வரும்னு காத்துக்கிட்டு நிக்காதீங்க.

இப்ப ஆயில். எனக்குத் தெரிஞ்சு நிறைய பேர் மாட்டறது இங்கதான். புது கம்ப்ரசர் பெரும்பாலும் மொத்த சிஸ்டத்துக்கும் வேண்டிய ஆயிலோடயே வரும், அதை அப்படியே மாட்டினா தப்பு, ஏன்னா பழைய ஆயில்ல ஒரு பங்கு கூலிங் காயில்லயும் கண்டென்சர்லயும் ஈரத்தை உறிஞ்சற டிரையர்லயும் ஏற்கனவே தங்கியிருக்கு. ரெண்டாவது டெஸ்ட்ல நான் பழசைக் கவுத்து, புல்லிய கையால சுத்திச் சுத்தி, கடைசிச் சொட்டு வரைக்கும் அளவு கப்ல விட்டேன், 40 மில்லி வந்துச்சு. புதுசுல 120 இருந்துச்சு. 80 வெளிய எடுத்துட்டு 40ஓட மாட்டினேன், அசெஸ்ஸர் குனிஞ்சு கப்பைப் பார்த்துட்டு ஷீட்ல டிக் போட்டார். டிரையர் மாத்தினா அதுல தங்கியிருந்த ஆயிலுக்கு மேனுவல்ல போட்டிருக்கற அளவு சேக்கணும். சிஸ்டத்தையே ஃப்ளஷ் பண்ணா, அதாவது உள்ள கழுவி எடுத்தா, கணக்கு வேற, முழு அளவும் ஊத்தணும். வந்த ஆயிலோட கலரையும் பாருங்க, கருப்பா இரும்புத் தூள் மினுக்கிக்கிட்டு இருந்தா கம்ப்ரசர் மட்டும் மாத்தி பிரயோஜனம் இல்ல, கண்டென்சரும் டிரையரும் எக்ஸ்பேன்ஷன் வால்வும் மாத்தணும், இல்லன்னா அந்தத் தூளே புதுசையும் சாப்பிட்டுடும். இப்ப வர்ற கண்டென்சர்ல குழாய் வழி அவ்வளவு சின்னது, ஃப்ளஷ் போட்டாலும் தூள் முழுசா வராது.

ஹைப்ரிட் டாக்ஸி கேள்வி கட்டாயம் படிச்சுட்டுப் போங்க. எலக்ட்ரிக் கம்ப்ரசருக்குள்ள மோட்டார் காயில் ஆயில்லயே நனைஞ்சுக்கிட்டு இருக்கும், 200 வோல்ட்டுக்கு மேல ஓடும், அதனால கரண்ட் கடத்தாத பிஓஇ (POE) ஆயில்தான் பெரும்பாலும் போடுவாங்க. சாதா காடிக்குப் போடற பேக் (PAG) ஆயில் கலந்தா இன்சுலேஷன் போயிடும், காடி ஃபால்ட் காட்டும், ஆளுக்கும் ஆபத்து. முன்னாடி வேற காடிக்குப் போட்ட மிஷின் ஹோஸ்ல மிச்சம் இருக்கற ஆயில் கூட ஒத்துக்காது. ஆரஞ்சு ஒயரைப் பார்த்தா மொதல்ல ஹை வோல்டேஜ் கட் பண்ணிட்டுத்தான் கை வைக்கணும்.

கேஸ் ஏத்தறதுக்கு முன்னாடி வேக்கம் (உள்ள இருக்கற காத்தையும் ஈரத்தையும் பம்பால இழுக்கறது) குறைஞ்சது 30 நிமிஷம், அப்புறம் வால்வை மூடிட்டு பத்து நிமிஷம் முள் அசையுதான்னு பாக்கணும். ஆயில் டின்னு மூடி, கழட்டின ஹோஸ் வாய் எல்லாம் உடனே மூடிடுங்க, இந்த ஊர் ஈரக்காத்துல பேக் ஆயில் தண்ணிய உறிஞ்சிடும். ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி கம்ப்ரசரைக் கையால ஒரு பத்து சுத்து சுத்தணும், உள்ள சேந்திருக்கற ஆயில் ஒரேயடியா அடிக்காம இருக்க. கண்ணாடி, கையுறை ஆரம்பத்துலேர்ந்தே போடுங்க, ஆர்134ஏ வெளிய வந்தா மைனஸ் 26 டிகிரிலயே கொதிக்கும், மேல பட்டா தோல் குளிர்ல உறைஞ்சு புண்ணாயிடும். கேஸை காத்துல விடவே விடாதீங்க, அதுல ஒரு கிலோ 1430 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்கு சமம்.

இங்கிலீஷ் பத்தி பயம் இருந்தா, ஒவ்வொரு ஸ்டெப்பும் ஏன் செய்றோம்னு மொதல்ல தமிழ்ல வாய்விட்டுச் சொல்லிப் பாருங்க, நான் எம்ஆர்டி ரயில்ல வீட்டுக்குப் போறப்போ அதைத்தான் செஞ்சேன். காரணம் மனசுல இருந்தா உடைஞ்ச இங்கிலீஷ்லயும் சொல்லிடலாம். முடிஞ்சதும் இழுத்த கேஸ், எடுத்த ஆயில், போட்ட ஆயில், ஏத்தின கேஸ், வென்ட் (குளிர் காத்து வர்ற வாய்) டெம்பரேச்சர் அஞ்சையும் ஷீட்ல எழுதுங்க. எனக்கு வென்ட்ல 7 டிகிரி வந்துச்சு. இப்ப கடைலயும் ஒவ்வொரு ஜாப் கார்டுலயும் இந்த அஞ்சு நம்பரையும் எழுதிட்டுத்தான் சாவியக் குடுக்குறேன்.