கெம்னிட்ஸில் களி இல்லாமல் இளைத்தது

ஜெர்மனிக்குப் படிக்க வருகிற நம் பிள்ளைகள் பலருக்கு முதல் குளிர்காலத்திலேயே உடம்பு போட்டுவிடுகிறது. கையில் காசு புழங்கி, கண்டதை வாங்கித் தின்று ஏறும் எடை என்றுதான் ஊரில் நினைக்கிறார்கள். காசு இல்லாததால் ஏறுகிற எடை அது.

கணக்கைச் சொல்கிறேன். மாணவர் விசாவுக்கு பிளாக்டு அக்கவுண்டில், அதாவது மாதாமாதம் ஒரு பங்கை மட்டுமே எடுக்க விடும் வங்கிக் கணக்கில், 11,904 யூரோ கட்ட வேண்டும். 2024 செப்டம்பரிலிருந்து இதுதான் தொகை. அதிலிருந்து மாதம் 992 யூரோ கைக்கு வரும். வாடகை, சுமார் 140 யூரோ மருத்துவக் காப்பீடு, செமஸ்டர் கட்டணம், போன் எல்லாம் போக மிச்சத்தில்தான் வயிறு. அதுவும் பாலக்கோடு பக்கத்தில் தக்காளி போட்டு, விலை விழுந்தால் செடியோடு விட்டுவிட்டு வருகிற வீட்டுப் பிள்ளைக்கு, ஒவ்வொரு யூரோவையும் ரூபாயாக்கிப் பார்க்காமல் கை நீளாது. அதனால் எது மலிவோ, எது சீக்கிரம் வயிற்றை அடைக்குமோ அதையே வாங்குவோம். வெள்ளை ரொட்டி, அரிசி, உருளைக்கிழங்கு, ஃப்ரீசரில் கிடக்கும் பீட்சா, சர்க்கரை தூக்கலாக டீ. டிசம்பரில் நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். வெளியே பனி. வகுப்பு விட்டால் டிராம், டிராம் விட்டால் அறை. ஊரில் காட்டுக்கொல்லைக்கும் பஸ் ஸ்டாப்புக்குமாக நடந்த நடை அப்படியே நின்றுபோகிறது.

கெம்னிட்ஸ் நகரத்துக்குப் படிக்க வந்த எனக்கும் அப்படித்தான் ஏறியது. வீடியோவில் பார்த்த அம்மாவுக்கு முதலில் சந்தோஷம். "மொகம் தெளிஞ்சிருக்குது கண்ணு, அந்த ஊரு தண்ணி ஒத்துக்கிச்சு" என்றார். ஆனால் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது, மாதவிலக்கு தள்ளித் தள்ளி வந்தது. குடும்ப மருத்துவரிடம் போனேன். காப்பீடு இருந்தால் தனியாகக் காசு கேட்க மாட்டார்கள், இதற்குத் தயங்கவே வேண்டாம். தைராய்டுக்கு ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், அது சரியாக இருந்தது. உயரத்துக்கு எடை பார்க்கும் பி.எம்.ஐ. அட்டையில் நான் 25-க்குக் கீழே இருந்தேன், அதனால் ஒன்றும் இல்லை என்றார். ஆனால் நம்மவர்களுக்கு அந்தக் கோடு 25 இல்லை. ஆசியர்களுக்கு 23-லிருந்தே சர்க்கரை நோய், இதய நோய் அபாயம் கூடத் தொடங்குகிறது என்பதால் அதையே கவனிக்க வேண்டிய அளவாக உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004-இல் சொல்லியிருக்கிறது. அம்மா வீட்டில் பெரியவர்கள் எல்லாருக்கும் சர்க்கரை இருக்கிறது. அதனால் எடையைக் குறைத்தே ஆக வேண்டும் என்று முடிவெடுத்துவிட்டேன்.

தர்மபுரிக்காரிக்கு இளைப்பது என்றதும் களிதான் ஞாபகம் வரும். தண்ணீர் கொதித்ததும் ராகி மாவைக் கொட்டி, மரத்துடுப்பால் கட்டி தட்டாமல் கிண்டி, ஈரக்கையால் உருட்டி வைத்தால், தொட்டுக்கொள்ள கீரைக் கடைசலோ கொள்ளுச் சாறோ அவரைக்கொட்டைச் சாறோ இருந்தால் போதும். இங்கே இந்தியக் கடையில் ராகி மாவு இருக்கிறது. ஆனால் விலையைப் பார்த்தால் அதே காசுக்குப் பக்கத்துச் சூப்பர் மார்க்கெட்டில் ஓட்ஸ் பல கிலோ வாங்கலாம். சரி, அப்படிக் கொடுத்து வாங்கத்தான் வேண்டுமா? நூறு கிராம் ராகியில் சுமார் 320 கலோரி, அரிசியில் சுமார் 350. பெரிய வித்தியாசம் இல்லை. ராகியில் நார்ச்சத்தும் சுண்ணாம்புச் சத்தும் அதிகம், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் தானியத்தை மட்டும் மாற்றினால் உடம்பு இளைக்காது. களி சாப்பிட்டவர் ஒல்லியாக இருந்ததற்குக் காரணம் வேறு. நூறு கிராம் மாவு இரண்டரை மடங்கு தண்ணீரைக் குடித்து பெரிய உருண்டையாகிறது. எண்ணெய் என்று பார்த்தால் தாளிப்பில் விழுகிற கொஞ்சம்தான். கூட கீரையும் பருப்பும். சாப்பிட்டவுடன் கொல்லைவேலை. இந்த நாலும்தான் இளைக்க வைத்தது. இவற்றை இங்கேயும் அமைத்துக்கொள்ள முடியும், ராகி இல்லாமலே.

எப்படி வாங்குவது என்று காட்டிக்கொடுத்தது எங்கள் விடுதியில் இருக்கும் ஊத்தங்கரை அக்கா. கடை அலமாரியில் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் விலைக்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு கிலோவுக்கு என்ன விலை என்று இருக்கும், போட்டே ஆக வேண்டும் என்பது இங்கே சட்டம். அதே மாதிரி பாக்கெட்டின் பின்பக்கம் நூறு கிராமுக்கு எத்தனை கலோரி, எத்தனை கிராம் சர்க்கரை, கொழுப்பு, புரதம் என்று ஐரோப்பா முழுக்க ஒரே மாதிரி அச்சடித்திருப்பார்கள். மொழி தெரியாதவர்களுக்கு இந்த இரண்டு எண்களைவிடப் பெரிய துணை இல்லை. அக்கா என் கூடையிலிருந்து உறைந்த பசலைக்கீரைப் பாக்கெட்டை எடுத்து, பக்கத்தில் இருந்த இன்னொன்றோடு வைத்துக் காட்டினார். படம் ஒன்று போலவே இருந்தது. ஒன்று வெறும் கீரை, மற்றது கிரீம் கலந்தது. கலோரி இரண்டு மடங்குக்கு மேல், விலையும் கூடுதல். அன்றிலிருந்து பாக்கெட்டைத் திருப்பாமல் கூடையில் போடுவதில்லை.

இப்போது என் சமையலறையில் இருப்பவை: ஓட்ஸ், மைசூர் பருப்பு, வெறும் கீரை, முட்டைகோஸ், கேரட், முட்டை, டின்னில் வரும் ராஜ்மா, அப்புறம் க்வார்க். க்வார்க் இந்த நாட்டுப் பொருள், தயிருக்கும் பன்னீருக்கும் நடுவில் இருக்கும். கொழுப்பு நீக்கிய வகையில் நூறு கிராமுக்கு 12 கிராம் புரதம், கலோரி எழுபதைத் தாண்டாது. தண்ணீர் ஊற்றி அடித்து உப்பு, சீரகப்பொடி போட்டால் மோராகக் குடிக்கலாம். கடுகு தாளித்துக் கோஸ் துருவிப் போட்டால் பச்சடி. மைசூர் பருப்பில் நூறு கிராமுக்கு 24 கிராம் அளவுக்குப் புரதம், பதினைந்து நிமிடத்தில் வெந்துவிடும். ஓட்ஸை வறுத்துப் பொடித்து, அரிசிநொய்யோடு சேர்த்துக் கூழ் காய்ச்சினால் காலைக்கு அதுவே போதும். அரிசியை நான் விடவில்லை. பாதி டம்ளர் வேகவைத்து, தட்டில் பாதியைக் கீரையும் காயுமாக நிரப்பிக்கொள்கிறேன். சோற்றையே விடச் சொல்லும் அறிவுரைகள் நம்மைப் பத்து நாளில் திரும்ப பிரியாணி டப்பாவிடம் கொண்டுபோய் விடும்.

எண்ணெய்தான் முக்கியம். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் சுமார் 120 கலோரி. பாட்டிலைச் சாய்த்து ஊற்றும்போது மூன்று கரண்டி விழுவது தெரியவே தெரியாது. கரண்டியால் அளந்து, நாளுக்கு இரண்டு கரண்டி குறைத்தால் 240 கலோரி குறைகிறது. ஒரு கிலோ உடம்புக் கொழுப்பு என்பது ஏறக்குறைய 7,700 கலோரி. ஆக, கணக்குப்படி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு கிலோ, அதுவும் செலவைக் குறைத்துக்கொண்டே. உடம்பு கணக்குப் புத்தகம் மாதிரி நடக்காது, முன்னே பின்னே ஆகும். ஆனால் திசை சரியாக இருக்கும். டீயில் சர்க்கரையைப் பாதியாக்கியதும் இந்த வகைதான். வாரத்துக்கு அரைக் கிலோவுக்கு மேல் இறக்க நினைக்காதீர்கள். பரீட்சை நேரத்தில் பட்டினி கிடந்தால் தலை சுற்றும், முடி கொட்டும், பெண்களுக்கு மாதவிலக்கு இன்னும் கெடும்.

மதியத்துக்கு மென்சா, அதாவது பல்கலைக்கழக உணவகம், மாணவர் விலைக்குக் கிடைக்கும். அங்கே பொரித்த கட்லெட்டும் உருளை வறுவலும் கண்ணில் படும். பருப்பும் காயும் போட்டு வேகவைத்த அவர்கள் ஊர்க் கெட்டி சூப் வரும் நாளில் அதை எடுங்கள், நம் வீட்டுச் சாம்பாருக்கு ரொம்பத் தள்ளி இல்லை. மிஞ்சிய உணவை மலிவாகத் தரும் ஆப்கள் இருக்கின்றன. காசுக்கு நல்லது, ஆனால் பேக்கரிப் பைகளில் இனிப்பு ரொட்டிகள்தான் பெரும்பாலும் வரும், எடை குறைக்கிற காலத்தில் வேண்டாம்.

நடைக்கு நகரமே போதும். வளாகத்திலிருந்து டிராமை விட்டுவிட்டு நடந்தே நடுநகருக்குப் போய், அங்கே இருக்கும் கார்ல் மார்க்ஸின் பெரிய தலைச் சிலையைக் கடந்து, அரண்மனைக் குளத்தைச் சுற்றி வருவேன். குளிருக்குப் பயந்து முதலில் யாரும் கிளம்ப மாட்டார்கள். காதுக்குத் தொப்பி, காலுக்குப் பனியில் வழுக்காத ஷூ இரண்டும் இருந்தால் பத்து நிமிடத்தில் உடம்பு சூடாகிவிடும். பல்கலைக்கழக விளையாட்டுப் பிரிவில் செமஸ்டருக்குச் சிறு கட்டணத்தில் வகுப்புகள் நடத்துகிறார்கள், பதிவு திறந்ததும் இடம் போய்விடும். தனியார் ஜிம்மில் கையெழுத்துப் போடும் முன் ஒப்பந்தக் காலத்தைப் பாருங்கள், இரண்டு வருடம் வரை கட்டிப்போடலாம். 2022 மார்ச்சுக்குப் பிறகு போட்ட ஒப்பந்தம் என்றால், அந்த முதல் காலம் முடிந்ததும் ஒரு மாத அறிவிப்பில் விலகிக்கொள்ளலாம்.

தனியாக இருந்தால் இது எதுவும் நிலைத்திருக்காது என்று உறுதியாகச் சொல்வேன். நானும் ஊத்தங்கரை அக்காவும் ஞாயிற்றுக்கிழமை ஒன்றாகச் சமைக்கிறோம். அன்று கடைகள் மூடியிருக்கும், வெளியே வாங்கும் ஆசையும் அதோடு அடங்கும். பருப்பும் கடைசலும் செய்து டப்பாக்களில் பிரித்து ஃப்ரீசரில் வைத்துவிடுவோம். வாரநாளில் பசியோடு அறைக்கு வரும்போது பீட்சாவுக்கு முன்னால் அந்த டப்பா கைக்கு வந்துவிடும். இப்போது படியேறினால் மூச்சு வாங்குவதில்லை, மாதவிலக்கும் சீராக வருகிறது. "எளச்சிட்டியே கண்ணு, காசில்லாம பட்டினி கிடக்கிறியா" என்று அம்மா அழுகிறார். தட்டைக் காட்டிவிட்டுத்தான் போனை வைக்க முடிகிறது.

அடுத்த அக்டோபருக்குக் கிளம்புகிறவர்கள் பெட்டியில் ராகி மாவை அடைக்க வேண்டாம், எடைதான் வீண். வறுத்து அரைத்த கொள்ளுப் பொடி இரண்டு கிலோ கொண்டுவாருங்கள், இங்கே தேடினாலும் சுலபமாகக் கிடைக்காது, சாறுக்கும் கூழுக்கும் ஆகும். நெய், பால்கோவா மாதிரிப் பால் பொருட்களை விமான நிலையத்திலேயே பிடுங்கிவிடுவார்கள், இந்தியாவிலிருந்து அவற்றைக் கொண்டுவர ஐரோப்பாவில் தடை. கிருஷ்ணகிரி மாம்பழமும் கறிவேப்பிலையும் தாவர நலச் சான்று இல்லாமல் உள்ளே வராது. மிச்ச எடைக்கு அடி தட்டையான சின்னக் குக்கர் ஒன்று வையுங்கள், விடுதிகளில் பெரும்பாலும் மின் அடுப்புதான்.