புளியரை வளைவில் சாய்ந்த கார் சீட்

என் மகளுக்கு அப்போது ஒன்பது மாதம். எங்கள் வீடு செங்கோட்டையில், அம்மா வீடு மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்துப் புனலூரில். மாதம் இரண்டு தடவையாவது மலை ஏறி இறங்க வேண்டும் என்பதால் குழந்தைக்கு கார் சீட் வாங்கினோம். கார் சாமான் விற்கும் ஒரு கடையில் பத்தே நிமிடத்தில் மாட்டிக் கொடுத்தார்கள். நம்பிக் கிளம்பிவிட்டோம்.

புளியரை தாண்டி எஸ் வளைவில் கார் திரும்பியதும் சீட் பிள்ளையோடு சேர்ந்து கதவுப் பக்கம் சாய்ந்தது. பக்கத்தில் இருந்த நான் இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்தேன். கோட்டைவாசல் வரை கையை எடுக்கவே இல்லை. முன்சீட்டில் இருந்த அத்தை, “பச்சப் பிள்ளைய இப்படியா கட்டிப்போடுவாவ? எங்கிட்ட குடு, மடியில வச்சுக்கிடுதேன்” என்றார்கள். முன்னால் ஏர்பேக் இருக்கிறது, தர மாட்டேன் என்று மட்டும் சொன்னேன்.

ஊர் திரும்பியதும் கையேட்டைப் படம் படமாகப் பார்த்தேன். சீட்டில் நீலக் கொக்கியும் சிவப்புக் கொக்கியும் இருந்தன. பிள்ளை பின்பக்கம் பார்த்து உட்கார்ந்தால் பெல்ட் நீலத்தில் போக வேண்டும், முன்பக்கம் பார்த்தால் சிவப்பில். எங்கள் சீட் பின்பக்கம் பார்த்து இருந்தது, பெல்ட்டோ சிவப்பில் ஓடியது. சாய்ந்ததில் என்ன ஆச்சரியம்!

எங்கள் கார் பழையது, பெல்ட் இல்லாமலே குழந்தை சீட்டை நேராக மாட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கி கிடையாது. பின்சீட்டின் நடுவில் இடுப்புப் பெல்ட் மட்டும்தான், இந்த சீட்டுக்கோ இடுப்பும் தோளும் சேர்ந்த மூன்று முனைப் பெல்ட் வேண்டும். அதனால் இடது ஓரம். இடுப்புப் பட்டையை நீலக் கொக்கிகளுக்குள் விட்டு, தோள் பட்டையை சீட்டின் முதுகைச் சுற்றிக் கொண்டுவந்தால் பெல்ட் நீளம் மயிரிழையில்தான் போதுகிறது. வாங்கும் முன்பே சொந்தக் காரில் வைத்துப் பார்த்துவிடுங்கள்.

பெல்ட்டை எவ்வளவு இழுத்தாலும் கையை விட்டதும் நெகிழ்ந்தது. கார் பெல்ட் சட்டென்று இழுத்தால்தான் பூட்டிக்கொள்ளும், மெதுவாக இழுத்தால் வந்துகொண்டே இருக்கும். ஒரு முட்டியை சீட்டுக்குள் ஊன்றி முழு பாரத்தையும் கொடுத்து அழுத்தினேன். என் கணவர் பெல்ட்டை இழுத்து, சீட்டிலேயே உள்ள பூட்டுக் கிளிப்பை அடைத்தார். பெல்ட் ஓடும் இடத்தைப் பிடித்து ஆட்டினால் ஓர் அங்குலத்துக்கு மேல் அசையக்கூடாது. மூன்றாவது முறைதான் சரியாக வந்தது.

சாய்வு காட்டும் கோடு மட்டும் தரைக்கு மட்டமாக வரவில்லை. எங்கள் தெரு சரிவு என்பது அரை மணி நேரம் கழித்துத்தான் உறைத்தது! சமதரைக்கு ஓட்டிப்போய்ப் பார்த்ததும் சரியாக இருந்தது. சாய்வு குறைந்து சீட் நிமிர்ந்திருந்தால் தூங்கும் பிள்ளையின் தாடை நெஞ்சில் கவிழ்ந்து மூச்சுக்குச் சிரமம் ஆகும், இதில் அலட்சியம் வேண்டாம். பிள்ளையைக் கட்டும் தோள் வார் அவள் தோள் மட்டத்திலோ சற்றுக் கீழிருந்தோ வர வேண்டும். மாட்டிய பிறகு வாரை விரலால் மடித்துக் கிள்ளிப் பார்ப்பேன். கிள்ள வந்தால் இன்னும் இறுக்க வேண்டும்.

14 வயதுக்குட்பட்ட பிள்ளையை பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் ஏற்றினால் 1,000 ரூபாய் அபராதம் என்று மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தம் சொல்கிறது. 2024 அக்டோபரில் கேரளத்தில் இதைக் கட்டாயமாக்கப் போவதாக அறிவிப்பு வந்தது. சில நாளிலேயே அந்த மாநிலப் போக்குவரத்து அமைச்சர், அபராதம் இப்போதைக்கு இல்லை என்றார். எல்லை தாண்டியதும் ஆரியங்காவில் யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும் எனக்கு ஒன்றுதான்.

அத்தையிடம் பிறகு நிதானமாகக் கணக்கு சொன்னேன். 50 கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டி மோதி, நொடியில் பத்தில் ஒரு பங்கில் நின்றால், 9 கிலோ பிள்ளை ஏறக்குறைய 127 கிலோ பாரமாக முன்னால் பாயும். “ஒரு மூட்டை அரிசிக்கு மேலல்லா இருக்கு” என்றார்கள். அதற்குப் பிறகு மடியில் கேட்கவில்லை.

அடுத்த பயணத்தில் அதே வளைவில் சீட் அசையவில்லை. கழுதுருட்டி பதிமூன்று கண் பாலம் வந்தபோது தூங்கிக்கொண்டிருந்தாள். இப்போதும் கிளம்பும் முன் ஒருமுறை ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஏற்றுகிறேன். போன வாரம் தோள் வாரை ஒரு துளை மேலே ஏற்றினோம். இந்த சீட்டில் 13 கிலோ வரை பின்பக்கம் பார்த்தே போகலாம், அதுவரை திருப்புவதாக இல்லை.