வீடு வீடாகச் செல்லும் மருத்துவப் பதிவுகளைப் பாதுகாத்த அனுபவம்

அமெரிக்காவின் நியூஜெர்சியில், நோயாளிகளின் வீட்டுக்கே சென்று சிகிச்சை அளிக்கும் ஒரு சிறிய நிறுவனத்தில் செவிலியர் மேற்பார்வையாளராகப் பணிபுரிகிறேன். நோயாளிகளின் மருத்துவத் தகவல்களைக் காக்கும் அமெரிக்கச் சட்டமான ஹிப்பாவின் பாதுகாப்பு விதி கோரும் இடர் மதிப்பீட்டை, அதாவது அத்தகவல்களுக்கு எங்கெல்லாம் ஆபத்து உள்ளது என்ற ஆய்வை, எழுத்து வடிவில் தயாரிக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. நிறுவனம் சிறியது என்பதற்காக இந்தக் கடமையிலிருந்து யாருக்கும் விலக்கு இல்லை.

சிறு நிறுவனங்களுக்காக அரசு இலவசமாக வழங்கும் மதிப்பீட்டு மென்பொருளைத் திறந்தேன். ஆனால் அதன் கேள்விகளுக்கு விடையளிப்பதற்கு முன், ஒரு நோயாளியின் விவரம் மருத்துவமனையிலிருந்து எங்களிடம் வந்து சேர்வது முதல் காப்பீட்டுக் கோரிக்கை அனுப்பப்படுவது வரை எங்கெல்லாம் தங்குகிறது என்று வரைந்து பார்த்தேன். அலுவலகக் கணினிகளில் இருந்ததைவிட, செவிலியர்களின் காரிலும் பையிலும் கைப்பேசியிலும்தான் அது அதிகம் இருந்தது. வீட்டுப் பராமரிப்புப் பதிவுகளில் நோயின் பெயரும் மருந்துப் பட்டியலும் மட்டும் இருப்பதில்லை. வாசலில் வீட்டுச் சாவி வைக்கப்பட்டிருக்கும் பூட்டுப்பெட்டியைத் திறக்கும் சாவிப்பெட்டி எண், நோயாளியான மூதாட்டியின் மகன் வேலைக்குச் செல்லும் நேரம், அவர் தனியாக இருக்கும் நேரம் ஆகியவையும் இருக்கும். இந்தத் தகவல் தவறான கைக்குப் போனால், படுக்கையை விட்டு எழ முடியாத ஒருவரின் பாதுகாப்பே கேள்விக்குள்ளாகும். எனவே சாவிப்பெட்டி எண்ணை அனைவரும் பார்க்கும் குறிப்புப் பகுதியிலிருந்து நீக்கி, அன்று அவ்வீட்டுக்குச் செல்பவர் மட்டுமே காணும்படி மாற்றினோம்.

அடுத்து மடிக்கணினிகளிலும் டேப்லெட்டுகளிலும் உள்ள தரவைப் பிறர் படிக்க முடியாத வடிவுக்கு மாற்றும் குறியாக்கத்தைச் செய்தோம். குறியாக்கம் பொருத்தமில்லை என்று ஒரு நிறுவனம் கருதினால், காரணத்தை எழுதிவைத்து ஈடான வேறு ஏற்பாட்டைச் செய்துகொள்ள விதி இடம் தருகிறது. அந்த இடத்தைப் பயன்படுத்திக்கொள்ளலாமே என்ற யோசனை செலவைக் கருதி எழுந்தபோது, வாழ்வின் இறுதிக்கட்ட நோயாளிகளைப் பராமரிக்கும் நார்த் ஐடஹோ ஹாஸ்பிஸ் நிறுவனத்துக்கு நேர்ந்ததை எடுத்துக்காட்டினேன். 2010 ஜூனில் திருடுபோன அதன் மடிக்கணினியில் 441 நோயாளிகளின் விவரங்கள் குறியாக்கம் இன்றி இருந்தன. இடர் மதிப்பீடும் செய்யப்பட்டிருக்கவில்லை. 50,000 டாலர் செலுத்த அந்நிறுவனம் ஒப்புக்கொண்டதை 2013 ஜனவரியில் கூட்டாட்சி சுகாதாரத் துறை அறிவித்தது. ஐந்நூறு பேருக்கும் குறைவானோர் பாதிக்கப்பட்ட ஒரு நிகழ்வில் எட்டப்பட்ட முதல் உடன்பாடு அது. உரிய முறையில் குறியாக்கம் செய்யப்பட்ட கருவி தொலைந்தால், குறியாக்கத்தை விடுவிக்கும் திறவுகோலும் அதனுடன் போகாத வரை, தகவல் கசிந்தது என்று தெரிவிக்கும் மீறல் அறிவிப்பை நோயாளிகளுக்கு அனுப்ப வேண்டிய நிலை எழாது என்பதையும் விளக்கினேன். அதன்பின் செலவைப் பற்றிய விவாதம் நின்றது.

மிகவும் கடினமாக இருந்தது குறுஞ்செய்திப் பழக்கம். காயத்தின் புகைப்படத்தைச் சொந்தக் கைப்பேசியில் எடுத்து மேற்பார்வையாளருக்கு அனுப்புவது, அக்கறையுள்ள ஒரு செவிலியர் விரைவாக ஆலோசனை பெற வேண்டிச் செய்யும் செயல். அதைக் குற்றமாகப் பேசுவது நியாயமில்லை. வெறுமனே தடை விதித்தால் பழக்கம் மறைவாகத் தொடரும் என்று எனக்குத் தோன்றியது. ஆகவே, படம் கைப்பேசியின் ஆல்பத்தில் தங்காமல் நேரே நோயாளியின் பதிவில் சேரும் பாதுகாப்பான செயலியை முதலில் கொடுத்து, இணையத் தொடர்பு கிடைக்காத வீடுகளிலும் அது இயங்குகிறதா என்று செவிலியர்களுடன் சேர்ந்து சோதித்த பிறகே பழைய வழியை மூடினோம்.

மென்பொருள் நிறுவனம், காப்பீட்டுக் கோரிக்கைகளைக் கவனிப்பவர்கள், தரவைச் சேமித்து வைப்பவர்கள் என எங்கள் சார்பில் நோயாளி விவரங்களைக் கையாளும் ஒவ்வொருவருடனும் சட்டம் கோரும் ஒப்பந்தம் இருக்கிறதா என்று சரிபார்த்தோம். பணியிலிருந்து விலகுபவரின் கணக்கை அன்றே முடக்கும் பொறுப்பு ஒருவரிடம் பெயர் குறித்து ஒப்படைக்கப்பட்டது. இம்முடிவுகளையும் அவற்றுக்கான காரணங்களையும் ஆறு ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும் என்பதால், அவை தேதியிட்டுக் கோப்பில் வைக்கப்பட்டுள்ளன.

இப்போது நோயாளியின் வீட்டிலேயே இரத்த அழுத்தத்தை அளந்து எங்களுக்கு அனுப்பும் கருவிகளைச் சேர்க்கவிருக்கிறோம். அந்த அளவீடுகள் யாருடைய வலையமைப்பு வழியாக வருகின்றன, இடையில் எங்கே சேமிக்கப்படுகின்றன என்பதைக் குறித்து, முதலில் வரைந்த வரைபடத்தை மீண்டும் திருத்திக்கொண்டிருக்கிறேன்.